டி.எல். 103 ஓய்ந்துவிட்டது: வெள்ளவத்தைக் கடலோர வீட்டுக்கு எந்த எம்.சி. கார்ட்ரிட்ஜ் பொருந்தும்?

கடலோரம் (வெள்ளவத்தை) | சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். அப்பா விட்டுச்சென்ற டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே.2 டர்ன்டேபிளில் பொருத்தியிருந்த டெனன் டி.எல். 103 கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதி; இது எம்.சி., அதாவது அசையும் சுருள் வகை) வலப்பக்க ஒலி சென்ற வாரம் நின்றுவிட்டது. முதலில் விட்டு விட்டு வந்தது. ஆலாபனையின் நடுவே மங்கும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லை விரலால் மெல்லத் தொட்டால் மீண்டும் எழும். வெள்ளிக்கிழமை இரவுக்குப் பின்னர் அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் ஏறத்தாழ 240 இசைத்தட்டுகள் உள்ளன. பாதிக்கு மேல் கர்நாடக இசை. அவற்றில் நாதஸ்வரமும் வீணையும் அதிகம். பல தட்டுகள் 1960-களிலும் 70-களிலும் கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அழுத்தப்பட்டவை, கணிசமானவை மொனோ. எஞ்சியவை திரையிசையும் அப்பா விரும்பிக் கேட்ட மேற்கத்தேயச் செவ்வியல் இசையும். அம்ப்ளிபயர் 1980-களில் வந்த ஒரு யப்பானியப் பொருள். அதில் எம்.எம். (அசையும் காந்த வகை), எம்.சி. என்று மாற்றும் ஆளி இருக்கிறது, எம்.சி. உள்ளீட்டின் சுமை (கார்ட்ரிட்ஜ் எதிர்கொள்ளும் மின்தடை) 100 ஓம் என்று கையேடு கூறுகிறது, அதை மாற்ற வழியில்லை.

அதே டி.எல். 103-ஐ மீண்டும் வாங்குவதா, பழையதற்குப் புது ஊசி போடுவிப்பதா, அல்லது வேறு ஒன்றுக்கு மாறுவதா என்பதே என் கேள்வி. ஒரு தடவைதான் செலவழிக்க முடியும் என்பதால், தயவுசெய்து காரணத்தோடு கூறுங்கள்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | சனி, இரவு 10.25

தம்பி, வாங்குவதற்கு முன்னர் பழுது எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். தொட்டால் ஒலி வருகிறது என்றால் அது கார்ட்ரிட்ஜாகவும் இருக்கலாம், ஹெட்ஷெல்லின் கம்பியாகவும் இருக்கலாம், டர்ன்டேபிள் கையின் முனையில் உள்ள நான்கு தொடுமுனைகளாகவும் இருக்கலாம். கடற்காற்று படும் வீடுகளில் மூன்றாவதே அடிக்கடி நிகழ்வது.

ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதன் பின்புறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். அப்படியும் ஒலி வராவிட்டால் அம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் உள்ள நான்கு கம்பிகளை இடம் மாற்றுங்கள். வெள்ளை இடப்பக்கம், நீலம் அதன் புவி. சிவப்பு வலப்பக்கம், பச்சை அதன் புவி. சிவப்பும் பச்சையும் இருந்த இடத்துக்கு வெள்ளையும் நீலமும் போகட்டும். இப்போது மௌனம் இடது ஸ்பீக்கருக்குத் தாவினால் பழுது கார்ட்ரிட்ஜின் உள்ளே. வலது ஸ்பீக்கரிலேயே நின்றால் கம்பியிலோ கையிலோ அம்ப்ளிபயரிலோ தேடுங்கள். கம்பியின் முனையைத் தட்டை இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும்; கம்பியையே பிடித்து இழுத்தால் ஈயப்பற்று விட்டுவிடும்.

மல்ட்டிமீட்டரை மட்டும் கார்ட்ரிட்ஜின் சுருளில் வைத்துவிடாதீர்கள். தலைமுடியிலும் மெல்லிய கம்பி அது. மீட்டர் செலுத்தும் மின்னோட்டத்தை அது தாங்கும் என்று நம்பிக் கை வைக்க வேண்டாம்.

கடலோரம் (வெள்ளவத்தை) | ஞாயிறு, மாலை 5.10

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் கூறியவாறே செய்தேன். தொடுமுனைகளைத் துடைத்தபோது பஞ்சு பச்சை கலந்த கறுப்பாக வந்தது. ஆயினும் ஒலி வரவில்லை. கம்பிகளை மாற்றிய பின்னர் மௌனம் இடது ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டது. ஆகவே பழுது கார்ட்ரிட்ஜின் உள்ளேதான்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்த்தேன். ஊசித்தண்டு நேராக இல்லை. முன்னிருந்து பார்க்கையில் சற்று இடப்புறம் சாய்ந்திருக்கிறது. அலுமினியத் தண்டின் அடியில், அது உடலுக்குள் நுழையும் இடத்தில், உப்புப் படிந்தாற்போன்ற வெண்மையான மாவு தெரிகிறது. அப்பா இதை எப்போது மாற்றினார் என்று அம்மாவிடம் கேட்டேன். சுனாமிக்கு முந்திய ஆண்டு என்று நினைவுகூர்ந்தார்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | ஞாயிறு, மாலை 6.00

அப்படியானால் புது ஊசி போடுவிக்கும் யோசனையைக் கைவிடலாம். ஊசி மட்டும் தேய்ந்து, சுருளும் இறப்பரும் நல்ல நிலையில் உள்ள விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜுக்கே அந்த வேலை பொருந்தும். உங்களுடையதில் சுருள் அறுந்திருக்கிறது, தண்டு சாய்ந்திருக்கிறது, இறப்பருக்கு இருபது வயது. இந்த மூன்றையும் சீராக்க வெளிநாட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், இறுதியில் புது டி.எல். 103-இன் விலையைத் தாண்டிவிடும்.

என் வாக்கு மீண்டும் டி.எல். 103-க்கே. யப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டு, இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் தயாரிக்கப்படுவது அது. 16.5 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரையுள்ள கோளமுனை, 2.5 கிராம் அழுத்தம், 0.3 மில்லிவோல்ட் வெளியீடு, 40 ஓம் உட்தடை. நேயர் காத்திருக்கையில் தட்டைப் பின்னோக்கிச் சுழற்றிப் பாட்டின் முதல் அசையில் நிறுத்தி வைக்க வேண்டிய கலையகத்தில், அந்த முரட்டு ஊசி எத்தனையோ கைகளைத் தாங்கியது. நானும் அத்தகைய ஓர் அறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். பொருத்தும்போது சிறு தவறு நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

ஊசிமுனை (தெகிவளை) | ஞாயிறு, இரவு 8.45

ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தட்டுகளுக்குக் கோளமுனை போதாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் சுழலும் பெருந்தட்டின் வெளி விளிம்பில் தடம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர். உட்பகுதியில், லேபிளை நெருங்கும் இடத்தில், அது 21 சென்ரிமீற்றராகக் குறைந்துவிடுகிறது. அதாவது 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரோன் நீளத்தில் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே அதே அலைக்குக் கிடைப்பது 21 மைக்ரோன் மட்டுமே. 16.5 மைக்ரோன் ஆரையுள்ள உருண்டை முனை அந்தச் சிறிய வளைவுக்குள் எப்படி இறங்கும்? மேடுகளின் தலையைத் தொட்டுக்கொண்டு மேலாகவே ஓடிவிடும்.

நமது தட்டுகளில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படியாக இருந்தால், தனி ஆவர்த்தனம் வந்து விழுவது அந்தக் கடைசி ஓர் அங்குலத்தில்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழும் ஓசை "தக்" என்று கேட்க வேண்டியது, "பக்" என்று கேட்கும். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி கிழியும். தட்டு தேய்ந்துவிட்டது என்று நாம் பழியைத் தட்டின் மீது போடுகிறோம். பல வேளைகளில் குறை ஊசியில் இருக்கிறது.

ஆகவே ஷிபாட்டா, மைக்ரோலைன், ஃபைன்லைன் போன்ற, தடத்தின் சுவரை மெல்லிய நீள்கோட்டில் தொடும் நீள்தொடு முனைகளைப் பாருங்கள். அவற்றின் ஆயுளும் அதிகம். ஓடியோ டெக்னிக்கா நிறுவனம் தன் ஊசிகளுக்குக் கொடுக்கும் கணக்கின்படி கோளமுனைக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1000. கூடுதல் விலையில் ஒரு பகுதி இதிலேயே திரும்பிவிடும்.

நாதலயம் (பம்பலப்பிட்டி) | திங்கள், காலை 7.15

ஊசிமுனை அவர்கள் கூறுவது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் முழுவதும் அல்ல.

நானும் நீண்ட காலம் கோளமுனையில் கேட்டு, பின்னர் நீள்தொடு முனைக்கு மாறியவள். நாதஸ்வரத் தட்டுகளில் உண்மையிலேயே பெரிய வேறுபாடு. சீவாளியில் காற்று பிடிக்கும் அந்தக் கணம், குழலின் நாதம் எழுவதற்கு ஒரு நூலிழை முன்னர் வரும் சிறு கரகரப்பு, முன்பு எனக்குக் கேட்டதே இல்லை. தவிலின் தொப்பிப் பக்கத்துக் குச்சியடியும் வலந்தலையில் கூடுகள் அணிந்த விரல்களின் அடியும் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியே நிற்கத் தொடங்கின.

ஆனால் முதல் வாரம் நான் அழாத குறை. தட்டின் தடத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் கேட்டது. கோளமுனை மேலாக ஓடியதால் தொடாமல் விட்ட அடித்தூசி, கொழும்பின் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சணம், யாரோ எப்போதோ விட்ட கைரேகை, எல்லாம் சரசரத்தன. ஒவ்வொரு தட்டையும் கழுவிய பின்னரே அந்த ஊசியின் அருமை விளங்கியது. காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, மென்மையான தூரிகையால் தடத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, மீண்டும் வடித்த நீராலேயே அலசி, மின்விசிறியின் கீழ் அல்லாமல் தூசி படாத இடத்தில் நிமிர்த்திக் காயவிடுகிறேன். பூஞ்சணம் பிடிவாதமாக இருந்தால் சிறிதளவு ஐசோபுரொப்பைல் சேர்ப்பேன். அது வைனல் தட்டுக்கு மட்டுமே. 78 சுழற்சித் தட்டு உங்களிடம் இருந்தால் அல்ககோலை அதன் அருகிலும் கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

தம்பி, 240 தட்டையும் கழுவும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் நீள்தொடு முனை. இல்லையென்றால் ஐயா கூறிய டி.எல். 103.

மட்டக்குளி 15 | திங்கள், பிற்பகல் 1.30

எம்.சி.தான் வேண்டும் என்ற பிடிவாதம் எதற்கு? ஓடியோ டெக்னிக்காவின் வி.எம். 95 வரிசையில் ஒரே உடலில் கோளமுனை முதல் ஷிபாட்டா வரை ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஊசி ஒடிந்தால் கையாலேயே கழற்றிப் புதியதைச் செருகலாம். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

கடலோரம் (வெள்ளவத்தை) | திங்கள், இரவு 8.20

நியாயமான கேள்வி. வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். ஆகவே உங்கள் கருத்தை இலேசாகத் தள்ளிவிடவில்லை. அலுமாரிக்கு மேல், அவளுக்கு எட்டாத உயரத்தில் டர்ன்டேபிள் இருக்கிறது. ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். என் மனம் எம்.சி.யில் நிற்பதற்குக் காரணம், இருபது ஆண்டுகளாக என் காது பழகிய வீணை அதில் ஒலித்தது. நண்பர் ஒருவரின் வீட்டில் நல்ல எம்.எம். கார்ட்ரிட்ஜில் அதே தட்டைக் கேட்டேன். குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் மீட்டிய தந்தி அடங்கும் நேரத்தில் அதன் பின்னால் ஓடும் தம்புரா எனக்கு அகப்படவில்லை.

நாதலயம் அக்கா கேட்ட பொறுமை இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து தட்டு என்றால் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம்.

இப்போது மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: ஹானா எஸ்.எல்., ஓர்டோபோன் குவின்டெட் புளூ, குவின்டெட் புரோன்ஸ். புரோன்ஸின் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. டி.எல். 103-உம் 0.3 என்பதால், பழையபடியே ஒலியளவைக் கூட்டும்போது "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இருக்கும் என்று நினைக்கிறேன். சரியா?

ஊசிமுனை (தெகிவளை) | திங்கள், இரவு 9.05

ஆம், இரண்டும் ஒரே அளவுதான். இரைச்சல் குறைய வேண்டும் என்றால் 0.5 மில்லிவோல்ட் தரும் புளூவைப் பாருங்கள்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | செவ்வாய், காலை 6.30

இல்லை, இங்கே இருவரும் ஒரு விடயத்தைத் தவற விட்டுவிட்டீர்கள். தாளில் அச்சிட்ட 0.3 மில்லிவோல்ட், சுமை ஏதும் இல்லாதபோது வருவது. அம்ப்ளிபயருக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைக் கார்ட்ரிட்ஜின் உட்தடையும் அம்ப்ளிபயரின் சுமையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நேற்றிரவு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

டி.எல். 103-இன் உட்தடை 40 ஓம். தம்பியின் அம்ப்ளிபயர் 100 ஓம் சுமை. மொத்தம் 140-இல் 100 பங்குதான் அம்ப்ளிபயருக்குக் கிடைக்கும்: 0.3 மில்லிவோல்ட் அங்கே 0.214 ஆகிவிடுகிறது. குவின்டெட் புரோன்ஸின் உட்தடை 5 ஓம். 105-இல் 100 பங்கு கிடைப்பதால் 0.286 மில்லிவோல்ட். அச்சிட்ட எண் ஒன்றேயாயினும் உங்கள் வீட்டில் புரோன்ஸ் 2.5 டெசிபல் உரத்து ஒலிக்கும். புளூவின் உட்தடை 7 ஓம், வெளியீடு 0.5 என்பதால் 0.467 வரும், அது பழைய டி.எல். 103-ஐவிட 6.8 டெசிபல் அதிகம். உட்தடை குறைவாக இருந்தால் சுருளே உண்டாக்கும் வெப்ப இரைச்சலும் குறைவு.

ஆகவே தம்பி இவ்வளவு காலமும் கேட்டுப் பழகிய இரைச்சல், டி.எல். 103-உம் இந்த 100 ஓம் உள்ளீடும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் கூடுதலாக வந்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தும் 1:10 டிரான்ஸ்போமர் வைத்து எம்.எம். உள்ளீட்டில் கொடுத்தால், அந்த உள்ளீட்டின் 47,000 ஓம் சுமை நூறால் வகுபட்டு 470 ஓமாகக் கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும், அப்போது டி.எல். 103 தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். கலையகங்களில் அதற்கு டிரான்ஸ்போமர் இருந்தது. உங்களிடம் இல்லை, நல்ல டிரான்ஸ்போமரின் விலையில் இன்னொரு கார்ட்ரிட்ஜ் வாங்கலாம்.

ஹானா எஸ்.எல். அருமையான பொருள், ஷிபாட்டா முனை, 0.5 மில்லிவோல்ட். ஆனால் உட்தடை 30 ஓம். 400 ஓமுக்கு மேற்பட்ட சுமையை உற்பத்தியாளர் பரிந்துரைக்கிறார். மாற்ற முடியாத 100 ஓமில் அதைப் பூட்டுவது, நல்ல குதிரையை வாங்கி முன்னங்கால்களைக் கட்டி ஓட்டுவதற்குச் சமம். ஓர்டோபோனோ குவின்டெட் வரிசையின் குறைந்த தடைச் சுருளுக்கு 20 ஓமுக்கு மேல் இருந்தால் போதும் என்கிறது.

ஞாயிறன்று டி.எல். 103-க்கு வாக்களித்தேன். இந்த அம்ப்ளிபயரோடு அதை மீண்டும் வாங்குமாறு கூற இப்போது எனக்கு மனம் வரவில்லை. என் வாக்கு புளூவுக்கு.

ஊசிமுனை (தெகிவளை) | செவ்வாய், காலை 8.10

என் கூற்று தவறு, ஐயா, திருத்தியமைக்கு நன்றி. உட்தடையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆயினும் உங்கள் கணக்கே புரோன்ஸுக்கும் வழி திறந்துவிடுகிறது. புளூ நீள்வட்ட முனை, புரோன்ஸ் ஃபைன்லைன். தம்பி இருபது ஆண்டுகள் 0.214-இல் கேட்டு மகிழ்ந்தவர் என்றால், 0.286 அவருக்குக் குறைவு அல்ல, முன்னேற்றம். தனி ஆவர்த்தனத்துக்கு வேண்டியது முனை. ஒலியளவு ஏற்கெனவே போதும்.

நாதலயம் (பம்பலப்பிட்டி) | செவ்வாய், முற்பகல் 11.00

இந்தக் கடைசி வாதத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். புரோன்ஸ்.

மொனோத் தட்டுகளைப் பற்றி ஒரு சொல்: அம்ப்ளிபயரில் மொனோ ஆளி இருந்தால் அதை மறக்காமல் அழுத்துங்கள். மொனோத் தடத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளது. மேல்கீழ் அசைவாக வருவது தூசியும் தேய்வும் தரும் ஓசையே. இரு பக்கத்தையும் ஒன்றாக்கினால் அந்த மேல்கீழ் ஓசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பழைய டம்டம் தட்டுகளில் சரசரப்பு நன்றாகவே குறையும்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | செவ்வாய், இரவு 7.50

முனையைப் பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். கை பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கையின் நிறையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனை (கை தானாகவே ஆட முனையும் அதிர்வெண்) உண்டாக்குகின்றன. அது 8-க்கும் 12-க்கும் இடைப்பட்ட ஹேர்ட்ஸில் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவும் வீட்டின் அதிர்வும் கையை ஆட்டும். மேலே போனால் இசையின் அடித்தளத்தைத் தொடும். எஸ்.எல். 1200 எம்.கே.2-இன் கைக்குப் பயன்படு நிறை 12 கிராம், குவின்டெட் 9 கிராம், திருகாணிகளுக்கு 1 கிராம், மொத்தம் 22. குவின்டெட் ஊசியின் நெகிழ்வு 15. இரண்டையும் பெருக்கினால் 330; அதன் வர்க்கமூலம் 18.2, 159-ஐ அதனால் வகுத்தால் 8.7 ஹேர்ட்ஸ்.

பொருந்துகிறது, ஆனால் கீழ் எல்லைக்கு அருகில். இங்கேதான் கொழும்பு குறுக்கிடுகிறது. அச்சிட்ட நெகிழ்வு குளிர்ந்த நாட்டு அறையின் வெப்பநிலைக்கு உரியது. 30 பாகையில் இறப்பர் மென்மையாகி நெகிழ்வு கூடும், பரிவு இன்னும் சற்றுக் கீழே இறங்கும். தம்பியின் வீடோ கடலோர ரயில் பாதைக்கு அருகில். எனவே கனமான ஹெட்ஷெல் வேண்டாம். டெக்னிக்ஸின் மூல ஹெட்ஷெல்லையே வைத்திருங்கள். சுவர் தாங்கும் என்றால், அலுமாரியின் மேலிருந்து டர்ன்டேபிளை இறக்கிச் சுவரில் இறுக்கிய பலகைக்கு மாற்றுங்கள்; மகளுக்கு எட்டாத உயரத்திலேயே வையுங்கள்.

மட்டக்குளி 15 | புதன், காலை 9.00

எங்கே வாங்குவது என்பதற்கு ஒரே ஒரு குறிப்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கம்பி, செருகி, ஐசோபுரொப்பைல் எல்லாம் கிடைக்கும், எம்.சி. கார்ட்ரிட்ஜை அங்கே தேட வேண்டாம். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கண்ட ஒன்றை நான் வாங்கி ஏமாந்திருக்கிறேன். பெட்டி அசல் போலவே இருந்தது, ஊசி கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. விற்றவர் பதிலே எழுதவில்லை.

கடலோரம் (வெள்ளவத்தை) | ஆறு வாரங்களின் பின்னர், ஞாயிறு, இரவு 10.15

சிங்கப்பூரில் இருந்து மைத்துனர் வந்த கையோடு குவின்டெட் புரோன்ஸ் வந்து சேர்ந்தது. நேற்றுப் பகல் முழுவதும் அதைப் பொருத்துவதில் கழிந்தது. பின்னர் வருவோருக்கு உதவும் என்பதால் சிலவற்றை எழுதுகிறேன்.

இந்தக் கார்ட்ரிட்ஜின் உடலிலேயே திருகாணிக்கான புரி வெட்டப்பட்டிருக்கிறது. பழைய டி.எல். 103-இல் அடியில் சிறு சுரையைப் பிடித்துக்கொண்டு மேலே திருக வேண்டியிருந்த சிரமம் இல்லை. ஆனால் காந்தம் மிக வலியது. வழக்கமான இரும்புத் திருப்புளியை அருகில் கொண்டுபோனபோது, அது என் விரல்களிடையே தானாகவே ஊசியை நோக்கித் திரும்பியதை உணர்ந்தேன். நெஞ்சு ஒரு கணம் நின்றது. அதை எடுத்து வைத்துவிட்டு, காந்தம் ஈர்க்காத திருப்புளி ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஊசியின் காப்பு மூடியைக் கழற்றாமலேயே வேலையை முடித்தேன்.

ஊசிமுனையில் இருந்து ஹெட்ஷெல்லின் பின்புற விளிம்பு வரை 52 மில்லிமீற்றர் என்பது டெக்னிக்ஸ் கூறும் அளவு. அதை வைத்துத் தொடங்கி, பின்னர் அளவுத்தாளில் சரிபார்த்தேன். அழுத்தத்தைக் கையின் வளையத்தை நம்பாமல் சிறு மின்னணுத் தராசில் 2.3 கிராமுக்கு நிறுத்தினேன், வளையம் 2.3 என்று காட்டியபோது தராசு 2.45 காட்டியது. முன்னிருந்து சிறிய கண்ணாடித் துண்டின் மேல் ஊசியை இறக்கிப் பார்த்தபோது தண்டும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை. ஹெட்ஷெல்லின் கழுத்தை ஒரு மயிரிழை திருப்பிய பின்னரே நின்றன.

அப்பா அடிக்கடி போட்ட வீணைத் தட்டை முதலில் கழுவிப் போட்டேன். தம்புரா இருந்தது. இரைச்சல், ஐயா கூறியவாறே, குறைந்திருந்தது. அம்மா அடுத்த அறையில் இருந்து வந்து கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். பக்கத்தின் முடிவில் தனி ஆவர்த்தனம் வரும்போது நான் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு கோர்வை நெருங்கும்போது மிருதங்கமும் கடமும் ஒரே குவியலாகிவிடும். நேற்றுக் கடத்தின் கழுத்திலும் வயிற்றிலும் விழுந்த அடிகள் இரு வேறு ஓசைகளாக, கடைசித் தீர்மானம் வரை கேட்டன.

ஒரு குறையும் உண்டு. கழுவாத திரையிசைத் தட்டு ஒன்றைப் பொறுமையின்றிப் போட்டேன். நாதலயம் அக்கா எச்சரித்த சரசரப்பு அப்படியே வந்தது. பாதியிலேயே நிறுத்தி ஊசியைத் தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் துடைத்தேன். கழுவாத தட்டு இனி இந்த ஊசிக்குக் கீழே வராது. இதுவரை 22 கழுவியாயிற்று. கேட்டு முடிந்ததும் ஹெட்ஷெல்லைக் கழற்றி, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன்.

சுவரில் பலகை இன்னும் அடிக்கவில்லை. இரவு ரயில் போகும்போது அமைதியான இடங்களில் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு மெல்ல முன்னும் பின்னும் அசைவதைக் கண்டேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது.

ஊசிமுனை (தெகிவளை) | ஞாயிறு, இரவு 10.40

மிகுந்த மகிழ்ச்சி. முதல் 30, 40 மணி நேரத்தில் இறப்பர் இன்னும் சற்று இளகும். அதன் பின்னர் அழுத்தத்தையும் கையின் உயரத்தையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | திங்கள், காலை 6.20

கூம்பு அசைவதைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், தம்பி. அம்ப்ளிபயரில் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வை நீக்கும் சப்சொனிக் வடிகட்டி ஆளி இருந்தால் இன்றே போடுங்கள். பலகையை இந்த மாதத்துக்குள் அடியுங்கள். கொங்கிறீற் சுவராக இருக்க வேண்டும், இடையில் எழுப்பிய மெல்லிய தடுப்புச் சுவர் கூடாது.

பழைய டி.எல். 103-ஐ என்ன செய்தீர்கள்?

கடலோரம் (வெள்ளவத்தை) | திங்கள், காலை 7.05

எறிய மனமில்லை, ஐயா. அதன் பெட்டியில் அப்பாவின் கையெழுத்தில் வாங்கிய திகதியும் 2.5 என்ற எண்ணும் இருக்கின்றன. அம்மா கூறிய ஆண்டு சரிதான்.

பழைய கட்டுப்பாட்டறை (கொட்டாஞ்சேனை) | திங்கள், காலை 7.30

எறிய வேண்டாம். வருகிற ஞாயிறு பத்து மணிக்குப் பின்னர் வீட்டில் இருப்பேன், பெட்டியோடு கொண்டுவாருங்கள். சுருள் உள்ளே அறுந்திருந்தால் என்னால் எதுவும் செய்ய இயலாது. பின்புறத் தொடுமுனையில் ஈயப்பற்று விட்டிருந்தால், என்னிடம் இன்னும் மெல்லிய முனையுள்ள பற்றாசுக்கோல் ஒன்று இருக்கிறது.

கடலோரம் (வெள்ளவத்தை) | திங்கள், காலை 7.34

வருகிறேன், ஐயா. கழுவிய தட்டுகளில் இரண்டையும் கொண்டுவருகிறேன்.